முதல் வரியில் இரண்டு

போன மாதம் வீடு மாறியபோது பழைய பைல் ஒன்றுக்குள்ளிருந்து ஒரு ஃபிளாப்பி விழுந்தது. உள்ளங்கையை விடப் பெரிதாக, கறுப்பாக, லேசாக வளைகிற அந்தப் பழைய வகை. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ஸ்கெட்ச் பேனாவால் முதலில் ஒரு பிள்ளையார் சுழியும், அதன் கீழே ‘டாஸ் 3 – புதுசு’ என்றும் எழுதியிருந்தது. கையெழுத்து போர்டு அக்காவுடையது. கல்லூரியில் படிக்கும் என் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் எத்தனை பாட்டு பிடிக்கும் என்று கேட்டாள். ஒரு பாட்டு கூடப் பிடிக்காது என்றேன். அப்புறம் எதற்கு இத்தனை வருஷம் வைத்திருக்கிறாய் என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்ததுதான் இது.

எண்பதுகளின் கடைசியில் நான் வேடசந்தூர் ரோட்டிலிருந்த ஒரு நூற்பாலையின் ஆபீசில் டைப்பிஸ்ட். திண்டுக்கல்லிலிருந்து மில் பஸ்ஸில் போய் வருவேன். போர்டு அக்கா அங்கே டெலிபோன் ஆபரேட்டர். சின்னாளபட்டிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டெலிபோன் போர்டின் முன்னாலேயே எந்நேரமும் உட்கார்ந்திருந்ததால் அந்தப் பெயர். மில்லுக்கு மதுரைக் கடையொன்றிலிருந்து கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, அதற்கென்று தனி அறை, ஏசி, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட ஒரு மிதியடி எல்லாம் வந்தன. அதை இயக்க ஆள் மட்டும் வரவில்லை. ஆறு மாத கோர்ஸ் படித்திருந்தேன் என்பதால் என்னையும், விளக்கு மினுங்குகிற சாமான்களோடு பழக்கம் உண்டு என்பதால் அக்காவையும் மேனேஜர் அங்கே அனுப்பினார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் அக்கா பத்தே நாளில் வாங்கிக்கொண்டார். பதினோராவது நாளிலிருந்து நான்தான் அவரிடம் சந்தேகம் கேட்டேன். இதைச் சொல்ல எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, இன்றைக்கு இல்லை.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போடாமல் பேனா நகராது. கீபோர்டில் சுழிக்கு எங்கே போவது? “ஒங்களுக்குப் பரவாயில்ல, கூட்டல் குறின்னு சிலுவையே இருக்கு. எங்களுக்கு என்னத்த வச்சிருக்கான்?” என்று என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டில் கடிதத்தின் தலையில் அப்பா சிலுவை போடுவது அவருக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து அவரே வழி கண்டுபிடித்துவிட்டார். தமிழ் எண்ணில் இரண்டுக்கு உ என்றுதானே எழுதுவது, ஆக இரண்டும் சுழியும் ஒன்றுதான். அன்று முதல் அவர் கம்ப்யூட்டரில் அடித்த ஒவ்வொரு கடிதத்திலும், ஒவ்வொரு பட்டியலிலும் முதல் வரி வெறும் 2. அதற்கடுத்த வரியில்தான் சமாசாரம் ஆரம்பிக்கும். பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அது பழகிப்போய், கடைசியில் தெரியாமலே போய்விட்டது.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது கோயமுத்தூர் தலைமை ஆபீசிலிருந்து, நூல் கணக்கு வைக்க என்று ஒரு புரோகிராம் ஃபிளாப்பியில் வந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் போட்டால் ஓட மாட்டேன் என்றது. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது, அதை எழுப்பி ஓட்டுகிற டாஸின் இரண்டாவது வெர்ஷன்; புதிதாக வந்த மூன்றாவது வேண்டுமாம். மதுரைக் கடையிலிருந்து புது வெர்ஷனை வரவழைத்தார்கள். அதைப் போட்டுக்கொடுக்கும் ஆள் அடுத்த மாதம்தான் வர முடியும் என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். மேனேஜர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். அக்காவைக் கூப்பிட்டு, “திங்கட்கெழம கோயமுத்தூர்ல இருந்து ஆளுங்க வர்றாங்கம்மா. அதுக்குள்ள நீங்க ஓட வெச்சுட்டா நல்லதுங்க. இல்லீன்னா அங்கிருந்தே ஒரு பையன அனுப்பி இங்கியே உக்கார வெச்சிர்றோம்ங்கறாங்க. நீங்க மறுபடி போர்டுக்கே போயிக்கலாமுங்க, தப்பா நெனைக்காதீங்க” என்றார்.

அறைக்குத் திரும்பி வந்த அக்கா கீபோர்டின் மேல் உறையை இழுத்து மூடினார். பிறகு சொன்னார்: “பத்து வருசமா அடுத்தவுக பேச்சத்தான் இணைச்சு விட்டுக்கிட்டிருக்கேன். இதுலதான் நான் ஒண்ணு சொன்னா ஒண்ணு நடக்குது.”

வியாழக்கிழமை ஆரம்பித்தோம். புது வெர்ஷனை உள்ளே ஏற்றச் சொன்னால், இடமில்லை என்றது. வேண்டாத கடிதங்களையெல்லாம் அழித்தும் அதே பதில். அக்கா போர்டில் உட்கார்ந்து மதுரைக்கு லைன் வாங்கிக் கடைக்காரரிடம் கேட்டார். வேறெங்கே இடமிருந்தும் பயனில்லையாம். புதியது வந்து உட்கார வேண்டியது முன் சீட்டில். அங்கே பழையது துண்டு போட்டு வைத்திருக்கிறது. புதியதோ அதைவிடப் பருமன். ஆகவே உள்ளே இருப்பதையெல்லாம் ஃபிளாப்பிகளுக்கு மாற்றிக்கொண்டு, மொத்தத்தையும் துடைத்துவிட்டு, புதியதை ஏற்றிய பிறகு பழைய கணக்குகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கடைசியாக, கம்ப்யூட்டர் எழுந்ததும் என்னென்ன செய்ய வேண்டும் என்று நாமே ஐந்து வரி அடித்து வைக்க வேண்டும். அந்த ஐந்து வரியையும் போனிலேயே எழுதி வாங்கிக்கொண்டார்.

ஒவ்வொரு ஃபிளாப்பியிலும் சுழி போட்டு எண் எழுதினோம். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றக் கையால் பொத்தானை அழுத்தினார். துடைத்தோம், ஏற்றினோம், திரும்பக் கொண்டுவந்தோம். அக்கா அந்த ஐந்து வரிகளையும் அடித்து முடித்ததும் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டோம். திரையில் 2 என்று வந்தது. அதற்குக் கீழே, பேட் கமாண்ட் என்று வந்தது.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பழைய வெர்ஷன் போகவில்லை, உள்ளேயே எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. வெர்ஷன் என்ன என்று நான் தனியாகக் கம்ப்யூட்டரிடமே அடித்துக் கேட்டுப் பார்த்தேன், மூன்று என்றது. எட்டிப் பார்க்க வந்த மேனேஜர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “நாம கேட்டா மூணுங்குது, தானா எந்திரிக்கறப்ப ரெண்டுங்குது. எதைங்க நம்பறது?” என்றார். வெள்ளிக்கிழமை முழுக்க முதலிலிருந்து செய்தோம். ஃபிளாப்பிகளை மாற்றி மாற்றிச் செருகி விரல் நோவெடுத்தது. சாயங்காலம் அணைத்துப் போட்டால் மறுபடியும் 2, மறுபடியும் பேட் கமாண்ட். அன்று பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை மூன்றாம் முறை. கடைசி ஐந்து வரி அடிக்கிற நேரத்தில், போர்டில் மாற்றாக உட்கார்ந்திருந்தவர் சாப்பிடப் போனதால் அக்காவை அங்கே கூப்பிட்டார்கள். நின்றுகொண்டிருப்பானேன் என்று நானே அடித்தேன். எனக்குச் சுழி போடும் வழக்கம் கிடையாது. சிலுவை போடவும் தோன்றவில்லை. அணைத்துப் போட்டேன். பேச்சுமூச்சில்லாமல் எழுந்து நின்றது. புதுப் புரோகிராமைப் போட்டேன், ஓடியது. அப்போதுதான் எனக்குப் பொட்டில் அடித்தாற்போல விளங்கியது. மற்றக் கடிதங்களின் தலையிலிருந்த இரண்டை மனிதர்கள்தான் படித்தார்கள். இந்த ஐந்து வரிகளைக் கம்ப்யூட்டர் படிக்கிறது. அக்கா பக்தியோடு போட்ட சுழியை அது கட்டளை என்று எடுத்துக்கொண்டு, இப்படியொரு கட்டளையே கிடையாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மேனேஜர் அறை பத்தடி தூரம்தான். நான் சரிசெய்துவிட்டேன் சார் என்று போய் நின்றிருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலி எனக்கே வந்திருக்கும். அந்த நினைப்பும் வந்தது, எழுந்தும் விட்டேன். கதவைத் திறந்தபோது போர்டில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னாச்சு என்று கண்ணாலேயே கேட்டபடி. நேரே அவரிடம் போனேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “பிள்ளையாரப் பாத்தா பேட் கமாண்டுங்குது?” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் சுழி இல்லாமல் விட அவருக்கு மனம் ஒப்பவில்லை. ரெம் என்று முன்னால் போட்டால் அந்த வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் என்பது என் கோர்ஸ் நோட்டில் இருந்தது. ரெம், பக்கத்தில் இரண்டு. அணைத்துப் போட்டோம். அது வாயைத் திறக்கவில்லை.

இரண்டு பேருமாக மேனேஜரிடம் போனோம். எதனால் கோளாறு என்று அவர் கேட்டால் வயர் லூசாக இருந்தது என்று சொல்லிவிடலாம் என்று கிளம்புமுன்பே அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் கேட்டார். அக்கா என்னை முந்திக்கொண்டு, “நான் போட்ட பிள்ளையார் சுழி சார்” என்று ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். தப்பைக் கண்டுபிடித்தது நான்தான் என்பதையும் சொன்னார். அக்காவின் நாற்காலி போயிற்று என்றே நினைத்தேன்.

மேனேஜர் கவலையோடு நிமிர்ந்தார். “அப்ப இப்ப சுழி இல்லாமத்தான் ஓடுதுங்களா?”

“இல்ல சார், இருக்கு. மிசினு கண்ணுல படாம வச்சிருக்கோம்.”

அவர் மேசையில் பாதி எழுதிய கடிதம் ஒன்று கிடந்தது. அதன் தலையிலும் ஒரு உ. அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு டெலிபோனை எடுத்துக் கோயமுத்தூருக்கு லைன் கேட்டார். லைன் கிடைத்ததும், “பையன் வேண்டாமுங்க. நம்ம அம்மா இருக்காங்க” என்றார்.