தாமரை பிளாக் பண்ணிய போன்

சாமி சத்தியமாக நடந்தது. பொய் என்றால் சொல்கிற நாக்கு புழுத்துப் போகட்டும். கிள்ளானில் அந்த அடுக்குமாடியின் நாலாவது மாடியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்து வீட்டு இராமலிங்கம் அங்கிளைக் கண்டாலே தாமரைக்குக் குமட்டும். லோரி ஓட்டி ரிட்டயரானவர், தனியாக இருந்தார். காப்பார் சந்தையில் மீன் வாங்கிவந்து வாசலிலேயே கருவாடு போடுவார். தீபாவளிக்கு அக்கம்பக்கத்தாரை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிடும் ஓப்பன் ஹவுஸ் அன்று, வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அவள் புருஷன் வாசு வைஃபை பாஸ்வர்டை எழுதி முறுக்கு டின்னில் ஒட்டி வைத்திருந்தான். அங்கிள் விரலை நக்கி நக்கி அதைப் போனில் தட்டினார். அதே விரலால் முறுக்கையும் எடுத்தார். "சீ, கருமம்!" அவர் போனதும் தாமரை முறுக்கை டின்னோடு குப்பையில் கொட்டினாள்.

தாமரை வீட்டிலிருந்தே கஸ்டமர் கால் எடுப்பவள். லைன் இன்னொரு தடவை விழுந்தால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லியாயிற்று. தீபாவளி கழிந்து இரண்டாவது திங்கட்கிழமை, பாதிப் பேச்சில் லைன் இழுத்தது. வைஃபை ஆப்பைத் திறந்தாள். பேரில்லாத ஒரு போன் ஒட்டிக்கொண்டிருந்தது.

எவனோ ஓசியில் உறிஞ்சுகிறான்! பிளாக் பண்ணினாள். மணி 3.17. வாசுவிடம்கூட மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிடுங்குவதா என்று குதிப்பான்.

செவ்வாய், 3.17. டிங். தடுத்த போன் உள்ளே வரப் பார்க்கிறது என்று ஆப் காட்டியது. கூடவே ஒரு வாடை.

"கருவாடுலா," என்றான் வாசு சாயங்காலம். "அங்கிள் காயப் போட்டிருப்பாரு."

"கருவாடு இப்படியா நாறும்?"

புதன், 3.17. டிங். டிங். டிங்... நாற்பத்தொரு தடவை. வாடை ஹெட்செட் பஞ்சில் ஏறியிருந்தது. தொண்டையில் வழவழவென்று இறங்கியது. அன்று சோறு உள்ளே போகவில்லை.

வியாழன், 3.17.

டிங்.

சுவருக்குள் ஒரு சத்தம். டொக்... டொக்...

மோடத்தைத் தொட்டாள். பிசுபிசுவென்று ஒட்டியது.

அதன் காற்றுத் துளையில் வெள்ளையாக ஒன்று நெளிந்தது... அவள் காப்பியில் விழுந்தது.

புழு.

மோடத்துக்குப் பின்னால், சுவரில் ஒயருக்குப் போட்ட ஓட்டையிலிருந்து... வரிசையாக...

அங்கேயே வாந்தி எடுத்தாள்.

அவள் கூப்பிட்டதும் வாசு வேலையிலிருந்து ஓடிவந்து தீயணைப்புக்குப் போன் அடித்தான். அவர்கள் பக்கத்து வீட்டுக் கதவை உடைத்தார்கள். அங்கிள் அந்தச் சுவரோரம்தான் கிடந்தார். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்திருந்தது. கையில் போன். செவ்வாய் காலையிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் மகன் சுகுமாறன் சிங்கப்பூரிலிருந்து வந்தான். பேட்டரி வீங்கி வாய் பிளந்திருந்த போனைப் போலீஸ்காரர் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

"அப்பா போன்ல காசு போட மாட்டாரு," என்றான் வாசுவிடம். "வைஃபை இருந்தா என்னக் கூப்புட என் படத்த அமுக்குவாரு, அவ்வளவுதான் தெரியும். திங்கக்கிழம 3.17க்கு அடிச்சாரு. எடுக்குறதுக்குள்ள கட்டாயிருச்சி. அன்னிக்கு ராத்திரிலேர்ந்து போனே ஆஃப். சார்ஜ் போட மறந்துட்டாருன்னு நெனச்சேன்."

தாமரை நாளை எண்ணிப் பார்த்தாள். கட் பண்ணியபோது அந்த மனுஷர் உயிரோடு இருந்திருக்கிறார். அப்படியானால் செவ்வாய் காலைக்குப் பிறகு தட்டியது யார்?

உள்ளே ஓடி ஆப்பைத் திறந்தாள். தடையை எடுத்தாள்.

மணி 3.17.

வெளியே சுகுமாறன் போன் அடித்தது.

திரையில் 'அப்பா'.

செத்த போன் பைக்குள், அவன் இடது கையிலேயே இருந்தது.

காதில் வைத்தான். ரொம்ப நேரம் கேட்டான். பிறகு மெதுவாகத் திரும்பி, கதவருகே நின்ற தாமரையைப் பார்த்தான்.

"அக்கா... எங்கப்பா லைன நீங்கதான் கட் பண்ணீங்களா?"