பீட்ரூட் சாறும் பெரியப்பாவின் வாக்கும்

என் பெரியப்பா வீரய்யா, இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் வெள்ளைக்காரத் தொரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். அவர் கைபட்டால் பீட்ரூட் குழந்தைத் தலைப் பருமனுக்கு விளையும். கோபமும் அப்படித்தான். ஒருமுறை ஊன்றிவிட்டால் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும்.

அவர் மகள் பரிமளம் அக்கா ஆளான சடங்குக்கு, தாய்மாமன் கந்தப்பன் டிக்கோயாவிலிருந்து மாலையும் சேலையுமாய்ப் புறப்பட்டார். வழியில் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டது. நல்ல நேரம் தவறுகிறதென்று பெரியப்பா பொறுக்கவில்லை. தூரத்து உறவுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு வேறொரு மாலையைப் போடச் சொல்லிவிட்டார். முழங்கால் சேற்றோடு வந்து நின்ற கந்தப்பன், கொண்டுவந்த மாலையைக் கோழிக்கூண்டின் மேல் வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார்.

நாலு வருசம் பேச்சில்லை. கந்தப்பன் மகன் லெட்சுமணன்தான் அக்காவுக்கு முறைமாப்பிள்ளை. அக்காவுக்கும் அவன்மேல்தான் மனசு. ஆனால் பெரியம்மா அம்மாக்கண்ணு தன் அண்ணன் பேரை எடுத்தாலே பெரியப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

முப்பத்தாறாம் வருசம் தொரசாணி சீமைக்குப் போகும்போது, சாறு பிழிகிற இரும்பு மிஷின் ஒன்றைப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிடியைச் சுற்றினால் ஒரு பக்கம் சாறும் மறுபக்கம் சக்கையும் வரும். தொரசாணியின் கன்னம் சிவந்திருப்பதே பச்சைப் பீட்ரூட் சாறு குடித்துத்தான் என்று பெரியப்பா நம்பினார்.

மிஷினை மேசை விளிம்பில் திருகி மாட்ட வேண்டும். வரிசையாய் ஒட்டிக் கட்டிய தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவுக்குள் மேசைக்கு எங்கே போவது? பெரியப்பா வாசல் கதவைக் கழற்றி, இரண்டு தேயிலைப் பெட்டிகள் மேல் கிடத்தினார். ஆடாமலிருக்க மறுமுனையில் பக்கத்துக் காம்பராக் காளியாயியை உட்காரவைத்தார். வேலை முடிந்து வந்த லயத்துச் சனமெல்லாம் கூடிவிட்டது.

“ஏங்க, கெழங்க வேகவச்சுத் தின்னா ஆகாதா? அதுக்குக் கதவக் கழட்டணுமா?” என்றார் பெரியம்மா.

“ஒனக்கென்னா தெரியும்? வேகவச்சா சத்துப் போயிரும்.”

“சீக்கிரஞ் சுத்துங்கண்ணே. நான் கதவு மேல இருக்கிறத எங்க வீட்டுக்காரரு பார்த்தா, பொணந் தூக்க ஆள் வந்துருச்சுன்னு சந்தோசப்படப் போறாரு,” என்றார் காளியாயி.

ஏழு கிழங்குக்கு ஒரு செம்புச் சாறு வந்தது. நிறத்தைப் பார்த்ததும் எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள். இத்தனை பேர் முன்னால் கொட்டினால் மானம் போகுமே என்று பெரியப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் தானே குடித்தார். சக்கையை வீணாக்க மனமில்லாத பெரியம்மா, அதை வெங்காயம், மிளகாய் போட்டு வதக்கி, ஒருத்தியாகவே தின்று தீர்த்தார்.

மறுநாள் ஞாயிறு. காலையில் ஒதுங்கப் போன பெரியப்பா, முகம் வெளிறித் திரும்பிவந்து கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“அம்மாக்கண்ணு, நீரெல்லாம் ரத்தமாப் போவுது. இனி நான் பொழைக்க மாட்டேன்.”

பெரியம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தோம்.

“டாக்டரய்யாவக் கூட்டியாரவா அண்ணி?” என்றார் என் அப்பா.

“டாக்டரு பொறவு வரட்டும் தம்பி. மொதல்ல எங்கண்ணனுக்கு ஆளனுப்புங்க. போற உசுரு பகையோட போகக்கூடாது.”

பெரியப்பா தலையாட்டினார். மத்தியானத்துக்குள் கந்தப்பன் மகனோடு ஓடிவந்து சேர்ந்தார்.

“என்னா மச்சான் இது கோலம்?”

“தப்பு எம்மேலதான் மச்சான். மண்ணு சரிஞ்சதுக்கு நீ என்னா செய்வ?”

“இத நாலு வருசங் கழிச்சா சொல்லுறது?” கந்தப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம் மகள ஒம் மகனுக்குக் குடுத்துட்டேன். லயத்துச் சனம் சாச்சி.”

பெரியம்மா தட்டை நீட்டினார். அதில் வெற்றிலை, பாக்கு, தேங்காய் எல்லாம் தயாராக இருந்தன. எப்போது வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. மச்சான்கள் இருவரும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். பரிமளம் அக்கா உள்ளே ஓடி ஒளிந்தாள்.

சற்று நேரத்தில் மறுபடி ஒதுங்கப் போன பெரியப்பா, குதித்துக்கொண்டு வந்தார்.

“முருகா! இப்பத் தெளிஞ்சு போவுது!”

“கெழங்குச் சாயம் எறங்கியிருக்கும். எனக்குங் காலையில அப்பிடித்தான் போச்சு,” என்றார் பெரியம்மா, பாக்கை வெட்டிக்கொண்டே.

பெரியப்பா அவர் முன்னால் போய் நின்றார்.

“தெரிஞ்சுமா சொல்லாம இருந்த?”

“நீங்க எங்க கேட்டீங்க? நேரா சாவுக்கில்ல போயிட்டீங்க.”

பெரியப்பா மனைவியைப் பார்த்தார், வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். லெட்சுமணன் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

“மச்சான், வாக்கு வாக்குத்தானே?” என்றார் கந்தப்பன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“வாக்கு வாக்குத்தான். ஆனா கல்யாணத்துக்காவது நேரத்தோட வந்து சேரு.”

கந்தப்பன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். பந்தியில் பீட்ரூட் கூடாது என்பது மட்டும் பெரியப்பாவின் கண்டிப்பு. கழற்றி மாட்டிய அந்தக் கதவு பிறகு ஒருநாளும் சரியாகச் சாத்தவில்லை. அது கிரீச்சிடும்போதெல்லாம், “வீரய்யா அண்ணன் சாறு புழியிறாரு,” என்பார் காளியாயி.