இறங்காமல் போனவன்

மகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க ரிச்சர்ட்சன் நகருக்குக் காரில் கூட்டிப்போனேன். வளாகத்துக்கு அருகில் போலீஸ் வண்டியொன்று பின்னால் விளக்கடித்தது. நிறுத்தினேன். அடுத்த கணமே அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்தபடி வெளியே இறங்கி நின்றேன். அமெரிக்காவில் செய்யவே கூடாத காரியம்.

அதிகாரியின் கை துப்பாக்கிக்குப் போனது. "அப்பா, ப்ளீஸ், உள்ள வாங்கோ" என்று மகள் அழுதாள். என் கால்கள் அசையவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், கையை எடுத்தார். பின்விளக்கு எரியவில்லை என்று மெதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"ஏனப்பா இறங்கினீங்கள்? ஹி குட் ஹேவ் ஷாட் யூ."

முதல் முறையாகச் சொன்னேன். போர்க்கால யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் இராணுவக் காவலரண்கள். சைக்கிளை விட்டு இறங்கி, அட்டையைக் காட்டி, நடந்துதான் கடக்க வேண்டும். பரீட்சைக்கு நேரமாகிவிட்ட ஒரு காலையில் நான் இறங்கினேன். என் நண்பன் இறங்கவில்லை. சுட்டுவிட்டார்கள்.

"அவருக்கு என்ன பேர்?"

"வசந்தன்."

"ஃபன்னியா அவர்?"

சிரித்துவிட்டேன். விரிவுரையாளர்களைப் போல் அவன் பேசிக்காட்டியது, விடுதிச் சோற்றுக்கு அவன் வைத்த பட்டப்பெயர்கள் என்று வளாக வாசல் வரை சொல்லிக்கொண்டே ஓட்டினேன். இத்தனை வருடமும் அவன் செத்ததை மட்டுமே நினைத்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.