தானே நின்று தானே பாடிய ரேடியோ

ரேடியோ ரிப்பேர்காரனைக் கூப்பிடுகிறவர்கள், அவன் எந்தச் சாமானை மாற்றி எடுத்துக்கொண்டு போவான் என்பதை முடிவுசெய்துகொண்ட பிறகுதான் ஆள் அனுப்புவார்கள்.

மயிலாப்பூரில் ஒரு சின்ன ரேடியோ கடையில் நானும் கோவிந்தனும் சேர்ந்து வேலை பார்த்தோம். பல்பு மாதிரிச் சூடேறும் கண்ணாடி வால்வுகள் வைத்த ரேடியோக்கள் இன்னும் கூடத்து மேஜைகளில் உட்கார்ந்திருந்த வருஷங்கள் அவை. கோவிந்தன் கடையை விட்டு நகரமாட்டார். வீடுகளுக்குப் போவது என் பாடு. ஃபேன், தையல் மிஷின், கடிகாரம் என்று எதையாவது பழுது பார்க்க அடுத்தவர் வீட்டுக்குள் போயிருக்கிற வாசகர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். நாம் பையைத் திறந்ததும் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நம் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாரே ஒருவர், அவரை உங்களுக்கும் தெரியும்.

கையெழுத்துப் போட்ட வால்வுகள்

அடையாறில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வீட்டில் ரேடியோ கரகரத்தது. பின்பக்கத்தைத் திறந்தேன். ஐந்து வால்வுகளிலும் துண்டுக் காகிதம் ஒட்டி, ஒவ்வொன்றிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார். நல்ல வால்வை எடுத்துக்கொண்டு பழையதை வைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வால்வுச் சூட்டில் காகிதங்கள் கருகி, கையெழுத்து இருந்த இடத்தில் பழுப்புக் கறைதான் மிஞ்சியிருந்தது.

அவற்றில் ஒரு காகிதத்தின் நுனி, வால்வு உட்காரும் துளைக்குள் போய் மாட்டிக்கொண்டிருந்தது. கரகரப்புக்குக் காரணம் அதுதான். எடுத்துப் போட்டேன், ரேடியோ தெளிவாகப் பாடியது. அவர் சந்தோஷப்படவில்லை. கையெழுத்து இல்லாத வால்வைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"கரகரப்பு போயிடுச்சு, சரி. இது என்னோட வால்வுதான்னு இப்ப நான் எப்படி நம்பறது?"

பாடிக்கொண்டிருந்த இல்லாத ரேடியோ

தி.நகரில் ஒரு வீட்டிலிருந்து ஆள் அனுப்பி, ரேடியோவில் குரல் அமுங்கிக் கேட்கிறது, உடனே வர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். தோல்பையும் கையுமாகப் போய்க் கதவைத் தட்டினேன். அந்த வீட்டு அம்மாள் கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து என் பையைப் பார்த்தார். அப்போது ரேடியோவுக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டும். கட்டாதவர்களைப் பிடிக்கப் பையோடு ஆட்கள் வருவார்கள் என்று எல்லாருக்கும் ஒரு பயம்.

"எங்க வீட்டுல ரேடியோவே இல்லீங்க" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் நாதஸ்வரம் அமுங்கிய குரலில் வாசித்துக்கொண்டிருந்தது. நான் ரிப்பேர்காரன், நீங்கள்தான் ஆள் அனுப்பினீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் அசையவில்லை.

"அது பக்கத்து வீட்டு ரேடியோ. எங்க வீட்டுல வந்து கேக்குது, அவ்வளவுதான்."

செய்தி நேரத்தில் மட்டும்

இந்தச் சந்தேகங்களை எல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டிவிடலாம். ஒன்றை மட்டும் தாண்ட முடியவில்லை. அதில் என் பங்கும் இருந்தது.

மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே ஒரு மாடி வீடு. மாடியில் வீட்டுக்காரர் ராமசேஷன், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர், அவர் மனைவி அலமேலு மாமி. கீழே குடியிருந்தவர் சுடலைமுத்து, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாள். திருநெல்வேலிப் பக்கம். மனைவி பேச்சியம்மாள், எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற மகள் செல்வி.

"ரேடியோ தானா நின்னுடறது. ஒரு நிமிஷம் கழிச்சு, யாரும் தொடாமலே மறுபடியும் பாட ஆரம்பிச்சுடறது" என்றார் ராமசேஷன். "ஆறு மணிக்கு வெச்சா ஏழு மணி வரைக்கும் ஒரு குறையும் கிடையாது. செய்தி ஆரம்பிச்சதோ இல்லையோ, போயிடும். ஒரு மாசமா நாட்டுல என்ன நடக்கறதுன்னு எனக்குப் பாதிதான் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரேடியோவுக்கு ஒண்ணும் இல்லை. கீழே இருக்காளே, அவா வேலை."

அவர் சொன்ன காரணம் இது. மெயின் பெட்டி கீழ்நடையில், சுடலைமுத்து வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. மாடிக்கு ஒரு ஃப்யூஸ், கீழே ஒரு ஃப்யூஸ். மாடி ஃப்யூஸை மட்டும் உருவிவிட்டு ஒரு நிமிஷத்தில் திரும்பச் செருகிவிடலாம். செல்வி படிப்பதற்காக ரேடியோவைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லி பேச்சியம்மாள் ஒரு நாள் மாடிக்கு வந்து கேட்டிருக்கிறார். அதிலிருந்துதான் ரேடியோ நிற்கிறது.

பின்பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன் என்றேன். பழைய செட்டு, மாமி பூவேலை செய்த உறை ஒன்று அதை முன்னும் பின்னும் மூடியிருந்தது.

"திறக்கறதெல்லாம் வேண்டாம். வெளியில இருந்தே பாத்துச் சொல்லுங்கோ. திறந்த ரேடியோவை யாரும் பழையபடி மூடினதா நான் கேள்விப்பட்டதே இல்லை."

முதல் சாட்சி

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய் ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் ஒரு சுருக்குவழி உண்டு. பாட்டு நிற்கும்போது டயல் விளக்கைப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்துகொண்டே பாட்டு மட்டும் நின்றால் குறை ரேடியோவுக்குள். விளக்கும் சேர்ந்து அணைந்தால் மின்சாரமே வரவில்லை.

செய்தி தொடங்கியது. இரண்டாவது செய்தியின் நடுவில் குரல் தேய்ந்து நின்றது. டயல் விளக்கு அணைந்திருந்தது. ஒரு நிமிஷம் போனதும் விளக்கு வந்தது. வால்வுகள் சூடேறியதும் குரலும் வந்தது. கரண்ட் நின்று வருகிறது, ரேடியோவில் குறை இல்லை என்று சொன்னேன்.

அப்போது அந்த அறையில் ஒரு விளக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பகலில் விளக்கு எரிந்தால் ராமசேஷன் பொறுக்கமாட்டார். கூடத்தில் ஃபேனும் இல்லை. கரண்ட் உண்மையிலேயே நின்றதா என்று காட்டுவதற்கு அங்கே வேறு எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் எழுந்து உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"அலமேலு, கேட்டுக்கோ. வெளி மனுஷா சாட்சியே கெடைச்சாச்சு!"

கடைக்கு வந்த அம்மாள்

மூன்றாம் நாள் பேச்சியம்மாள் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ரேடியோக்கார அண்ணாச்சி நீங்கதானா?" என்று உறுதிசெய்துகொண்டுதான் பேச்சைத் தொடங்கினார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம் ராமசேஷன். செல்விக்குப் பரீட்சை தொடங்க மூன்று வாரம்தான் இருந்தது. இரண்டு இடங்களில் வீடு கேட்டிருக்கிறார்கள். ஏன் காலி செய்கிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்திருக்கிறார்கள்.

"அந்தப் பெட்டியத் தொட்டா ஷாக்கடிக்கும்னு நான் துணிகூட அந்தப் பக்கம் காயப்போட மாட்டேன். எம்மவளும் தொட மாட்டா. அவ அப்பா ஏழு மணிக்குத் தூங்கிட்டிருப்பாக" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"நாங்க ஃப்யூஸு புடுங்கினத நீங்க கண்ணால பாத்தீகளா, அண்ணாச்சி?"

கோவிந்தனின் விசாரணை

அவர் போனதும் கோவிந்தன் கையிலிருந்த சால்டரிங் இரும்பைக் கீழே வைத்தார். அவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர், பேச்சில் சுற்றி வளைக்கமாட்டார்.

"இன்னா நைனா, லைட்டு போட்டுப் பாத்தியா?"

"இல்லை."

"செட்டு ஏசியா, ஏசி-டிசியா?"

"திறக்க விடவில்லை. தெரியாது."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். காரணம் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இரண்டு வகை மின்சாரத்திலும் ஓடுகிற ஏசி-டிசி செட்டுகளில் எல்லா வால்வுகளின் இழைகளும், டயல் விளக்கும், ஒரே சரமாகக் கோத்திருக்கும். கொலுவில் போடும் சீரியல் விளக்கு மாதிரி. ஒன்று போனால் எல்லாம் போகும். ஒரு வால்வின் இழை சூட்டில் விட்டுப்போனால் மற்ற வால்வுகளும் டயல் விளக்கும் அணைந்து, பார்க்கிறவனுக்குக் கரண்ட் நின்றது போலவே இருக்கும். ஆறியதும் இழை ஒட்டிக்கொள்ளும்; ரேடியோ தானே பாடும். ஆறு மணிக்கு வைத்த ரேடியோ, அதுவும் உறை போட்டு மூடிய ரேடியோ, அந்தச் சூட்டை எட்ட ஒரு மணி நேரமாவது ஆகும். செய்திக்கும் செல்வியின் பரீட்சைக்கும் அதில் சம்பந்தமே இல்லை.

"அந்தக் குடும்பத்துக்கு ஃப்யூஸு புடுங்கினது நீதாம்பா" என்றார் கோவிந்தன்.

ஃப்யூஸ் பெட்டிக்கு இரட்டைக் காவல்

ராமசேஷனிடம் போய், நான் சொன்னது தவறாக இருக்கலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அவா ஏதாவது குடுத்தாளா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்வதால் பயன் இல்லை. ஒரு பல்பை ரேடியோ செருகியிருக்கும் இடத்திலேயே சேர்த்து எரியவிடுவோம், பல்பும் அணைந்தால் உங்களுக்கு இரண்டாவது சாட்சி கிடைக்கும் என்றேன். சாட்சி என்றதும் சம்மதித்தார். பகலில் விளக்கு எரிவதற்கும் சேர்த்துச் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சுடலைமுத்துவை மாடிக்கு வரவழைத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கேட்காமலே அவர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் எடுத்து வைத்துக்கொண்டார். கீழே மெயின் பெட்டிக்குக் காவலாக மாமி போனார். மாமியே ஃப்யூஸை உருவிவிட்டுப் பழியைத் தங்கள்மேல் போட்டுவிடக் கூடாது என்று மாமிக்குக் காவலாகப் பேச்சியம்மாள் வந்து நின்றார். உள்ளே செல்வி சரித்திரப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பேர் பாதுகாத்த மின்சாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏழே காலைத் தாண்டியது. செய்தி வாசிப்பவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் தேய்ந்தார். டயல் விளக்கு அணைந்தது. பல்பு எரிந்துகொண்டிருந்தது. ரேடியோ நின்றது கீழே இருந்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

"நான் ஒண்ணும் தொடலை!" என்று மாமியின் குரல் வந்தது.

"நானுந் தொடல!" என்றது பேச்சியம்மாளின் குரல்.

ரேடியோ தானே பாடியது. இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார் ராமசேஷன். பார்த்தோம். பல்பை நீங்கள்தானே கொண்டுவந்தீர்கள், அதில் ஏதாவது இருக்கலாம் என்றார். அவருடைய குளியலறை பல்பைக் கழற்றிக்கொண்டுவந்து போட்டோம். அதுவும் எரிந்தது. அதற்குப் பிறகுதான் உறையை எடுக்க விட்டார். ஏசி-டிசி செட்டுதான். அடுத்த தடவை நின்ற உடனே, சூடு ஆறுவதற்குள், வால்வுகளைத் துணியால் பிடித்து ஒவ்வொன்றாக உருவி மீட்டரில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வால்வின் இழை விட்டுப்போயிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆறியதும், ஒட்டிக்கொண்டது.

புது வால்வு போட்டேன். செய்தி எப்போதோ முடிந்திருந்தது; அடுத்து வந்த கச்சேரி முடிகிறவரை எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்; ரேடியோ நிற்கவில்லை. ராமசேஷன் பழைய வால்வை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா என்னை இத்தனை நாள் ஏமாத்தினது? பாத்தா அப்படித் தெரியலையே!"

ஒரு சீட்டு

மன்னிப்பு என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. மாடிப்படி வரை சுடலைமுத்துவுடன் வந்து, "நீங்க பாட்டுக்கு இருங்கோ, பொண்ணு பரீட்சை எழுதட்டும்" என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கீழே பேச்சியம்மாள் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"போன வாரம் போகச் சொன்னாக. இன்னிக்கு இருக்கச் சொல்லுதாக. அடுத்த வாரம் ரேடியோ நின்னா என்ன சொல்லுவாகளோ? ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க, அண்ணாச்சி."

வீட்டுக்காரர் எழுதித் தருவதுதான் முறை என்றேன். "அவுக கேட்டத வெச்சு முடிவு பண்ணினாக. சொன்னது நீங்க" என்றார்.

கடை பில் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், மின்சாரம் நிற்கவில்லை, குறை ரேடியோவுக்குள் இருந்தது என்று எழுதிக் கொடுத்தேன். செல்வி உள்ளேயிருந்து வந்து அதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். பேச்சியம்மாள் கேட்டுவிட்டுச் சீட்டை என்னிடமே திருப்பி நீட்டினார். இரண்டு வரி சேர்த்தேன்: 'இந்த வீட்டில் ஃப்யூஸை யாரும் தொடவில்லை. முதலில் பார்க்காமல் சொன்னவன் நான்தான்.' அதற்கும் அவர் நகரவில்லை.

"நான்னா யாரு? பேரும் கடை விலாசமும் போடுங்க."

போட்டேன், செல்வி கடைசிப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை அந்தச் சீட்டு மெயின் பெட்டிக்கு மேலேயே ஒட்டியிருந்தது, அந்த நடையைத் தாண்டிப் போன தெருக்காரர்கள் எல்லாரும் அதை நின்று படித்துவிட்டுத் தங்கள் ரேடியோக்களை வேறு கடைக்கு எடுத்துப் போனார்கள்.