பக்கத்து வீட்டுக்குப் பதிவுத் தபால்

ஜெயங்கொண்டத்தில் பட்டதாரிகள் சிலரே இருந்த காலத்தில் நான் பி.ஏ. தேறியவன். ஊரார் மனு எழுத என்னிடமே வருவார்கள்.

எழுபதுகளின் இறுதியில், புதிதாக வாங்கிய மனையில் மாவு மில் வைக்க உரிமம் கோரினேன். அண்டை நிலக்காரருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றார்கள். மனையை ஒட்டிய பக்கத்து வீட்டு அஞ்சலையம்மாளுக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். எங்கள் பக்கத்தில் அத்தகைய தபால் என்றாலே கோர்ட்டு நோட்டீசுதான். அவர் வாங்க மறுத்துவிட்டார். திரும்பி வந்த உறையே அறிவித்ததற்குச் சான்று என்று கருதி, அதை மனுவோடு இணைத்துக் கொடுத்தேன். எஞ்சின் மேடைக்கு இடம் குறித்துக் குச்சியும் நட்டேன்.

மறுநாள் அவர் வேலியோரம் வந்து நின்றார்.

“ஏங்க, கூப்புட்டா கேக்குற தூரத்துல இருந்துகிட்டு கோர்ட்டு கடுதாசி விடுறீங்களே, நான் என்னங்க பண்ணிட்டேன்?”

“அது கோர்ட்டுக் கடிதம் இல்லைம்மா. இங்கே எஞ்சின் வைக்கப் போகிறேன் என்ற அறிவிப்பு.”

“குச்சி நட்ட எடத்துலயா? அய்யய்யோ, அது எங்க மாமனாரு காலத்துல மண்ணு போட்டுத் தூத்த கெணறுங்க! இதக் கேக்க ஸ்டாம்பு எதுக்குங்க, வாய் இல்லையா?”

கடப்பாறையால் குத்திப் பார்த்தோம். இரண்டடி மண் அப்படியே உள்ளே சரிந்தது. எஞ்சினோடு ஆட்களும் போயிருப்பார்கள்.

இப்போதெல்லாம் முதலில் நேரில் சென்று சொல்கிறேன், தபால் பிறகுதான்.

அஞ்சலையம்மாள் எதிர்த்ததால் என் மனு தள்ளுபடியானது என்று கடைத்தெருவில் சொல்கிறார்கள். அது தவறு. மனுவைத் திரும்பப் பெற்று, இடம் மாற்றி மீண்டும் கொடுத்தவன் நானே.