பாங்குக்குப் பதில்

காஜா மொய்தீன் பாய்க்குக் காது ஒரே நாளில் போகவில்லை. பதினெட்டு வயதில் துறைமுகத்தை ஒட்டிய கப்பல் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பாய்லருக்குள் குனிந்து நுழைந்து, பழுக்கக் காய்ச்சிய ரிவிட் ஆணியின் தலையை இரும்புக் கட்டையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே நிற்கிறவர் மறுமுனையைச் சம்மட்டியால் அடிப்பார். வெளியே இருப்பவருக்குச் சத்தம் கடல் பக்கம் போய்விடும். உள்ளே இருப்பவருக்கு அது போக இடமில்லை, மண்டைக்குள்ளேதான் போகும். அப்படி இருபத்தாறு வருஷம்.

வெளியே சம்மட்டி பிடித்தவர் ராயபுரத்து இக்னேஷியஸ். மாதா கோயில் தெருக்காரர். வேலை நேரத்தில் பேசினால் கேட்காது என்பதால் இருவருக்குள்ளும் ஒரு கைச்சாடை உண்டாகியிருந்தது. பீடி வேண்டுமா, மேஸ்திரி வருகிறாரா, பசிக்கிறதா என்று எல்லாவற்றுக்கும் ஒரு விரல், ஒரு முகக்கோணல். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலும் அப்படியே பேசிக்கொண்டு நடப்பார்கள்.

ரயில் பாதை ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளிவாசல் இருந்தது. கூரை தகரம் என்பதால் தகரப் பள்ளி என்றே எல்லோரும் சொன்னார்கள். அங்கே விடியல் சுபுஹுக்கும் அந்தி மஃரிபுக்கும் இரவு இஷாவுக்கும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைக் காஜா பாய்தான் சொல்வார். அதற்கென்று யாரும் அவரை அமர்த்தவில்லை. வாலிப வயதில் ஒருநாள், பாங்கு சொல்லும் மோதினார் ஊருக்குப் போயிருந்தபோது இவர் சொன்னார். அவர் திரும்பி வரவேயில்லை, இவரும் நிறுத்தவில்லை. நாள் முழுக்க இரும்புக்குள் அடைந்து கிடந்தவர் முற்றத்துப் படிக்கல்லில் ஏறிக் காதுகளில் விரல் வைத்துக் குரல் எடுத்தால், கருவாட்டுக் கூடைக்காரிகூட ஒரு நிமிஷம் நின்று போவாள் என்பார்கள். அவர் மனைவி ஜைத்தூன் பீ வீட்டில் அடுப்பருகே இருந்தபடி கேட்டு, பாங்குக்கு உரிய பதிலை வாய்க்குள் சொல்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம் நோன்பு மாதத்தில் அது முடிந்தது. மஃரிபு நேரம். கஞ்சிக் கோப்பைகளை முன்னால் வைத்துக்கொண்டு ஐம்பது பேர் காத்திருந்தார்கள். பாங்கு தொடங்கிய பிறகு, தன் குரல் தனக்கே கேட்காததால், எந்த வரி வரைக்கும் வந்தோம் என்று காஜா பாய்க்குத் தெரியாமல் போயிற்று. சொன்னதையே திரும்பச் சொன்னார். பிறகு நின்றார். பிறகு குரல் எங்கேயோ ஏறிக் கீச்சென்று உடைந்தது. நோன்பு திறக்கலாமா கூடாதா என்று ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பள்ளி நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட முத்தவல்லி சௌக்கத் அலி நல்ல மனுஷர். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் காதருகே வாய் வைத்துக் கத்தினால்தான் காஜா பாய்க்கு ஏதாவது எட்டும். கத்தியபோது ஐம்பது பேருக்கும் கேட்டது.

"காஜா பாய்! நாளைலேர்ந்து நீங்க பாங்கு சொல்ல வேணாம்!"

"ஏன், நல்லா இல்லியா?"

சௌக்கத் அலி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"செரி" என்றார் காஜா பாய். உட்கார்ந்து கஞ்சியைக் குடித்தார்.

திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து நத்தர்ஷா என்பவர் மோதினாராக வந்தார். காஜா பாய் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். காதில் விரல் போனால் பாங்கு தொடங்கிவிட்டது. முகம் வலப்பக்கம் திரும்பினால் 'தொழுகைக்கு வாருங்கள்' என்கிறார். இடப்பக்கம் திரும்பினால் 'வெற்றிக்கு வாருங்கள்' என்கிறார். அந்த இரண்டு அழைப்புக்கும் கேட்கிறவன் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: அல்லாஹ்வைக் கொண்டே தவிர எந்தச் சக்தியும் இல்லை, எந்த பலமும் இல்லை. நத்தர்ஷாவின் தாடி வலப்பக்கம் போகும், காஜா பாயின் உதடு அசையும். இடப்பக்கம் போகும், மறுபடி அசையும். காது இல்லாவிட்டாலும் கண் இருக்கிறதே என்று அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு சமாதானம் இருந்தது.

வீட்டில் இருக்கும் நேரங்களில் ஜைத்தூன் பீ பார்த்துக்கொண்டாள். பாங்கு கேட்டதும் வந்து அவர் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

பட்டறையில் அவரைப் பாய்லரிலிருந்து எடுத்துத் துருச் சுரண்ட விட்டார்கள். பளு தூக்கும் இயந்திரம் வருகிறது என்று மற்றவர்கள் கத்துவது கேட்காமல் இரண்டு தடவை நசுங்கிச் சாக இருந்தார். மூன்றாம் தடவைக்கு முன்னால் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சந்தையில் பூண்டு உரிக்கப் போனார்.

நாற்பத்தொன்பதில் ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சலில் ஜைத்தூன் பீ விழுந்தாள். ஒன்பதாம் நாள் பிற்பகல், அவள் தூங்குவதாக நினைத்து, காஜா பாய் சுவரைப் பார்த்துக்கொண்டு அஸர் தொழுதார். தொழுது முடித்துத் திரும்பியபோது அவள் கை பாயைத் தாண்டி அவர் பக்கமாக நீண்டு கிடந்தது. உயிர் இல்லை.

அடுத்த வீட்டு வியாகுலம்மாள் ஓடி வந்தாள். அவரைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லி அழுதாள். காஜா பாய்க்கு வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. சாயங்காலம் இக்னேஷியஸ் வந்ததும் கேட்டார்.

"அந்த அம்மா இன்னா சொல்லுது? எங்கிட்ட சொல்ட்டே கீது, எனக்குப் புரில."

இக்னேஷியஸ் தலையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்று.

"பொய் சொல்லாத. நீ இன்னி வரிக்கும் எங்கிட்ட பொய் சொன்னதில்ல."

இக்னேஷியஸ் தரையில் உட்கார்ந்தார். பிறகு ஜைத்தூன் பீ கிடந்த இடத்தைக் காட்டினார். வாயருகே கையைக் குவித்தார், கூப்பிடுவதுபோல. மூன்று விரலைக் காட்டினார், மூன்று தடவை. சுவருக்கு அந்தப் பக்கம் வியாகுலம்மாளுக்குக் கேட்டிருக்கிறது. அவள் கைவேலையைப் போட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

காஜா பாய் அழவில்லை. நாற்பது நாள் பள்ளிக்கும் போகவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் பெண்டாட்டி கூப்பிட்டது கேட்காதவனுக்கு, படைத்தவன் கூப்பிடும் இடத்தில் என்ன வேலை என்று ஒரே எண்ணம். வீட்டிலேயே தொழுதார், அதுவும் நேரம் தவறி. பிறகு ஒருநாள் எழுந்து போய்ப் பழைய இடத்திலேயே சுவரோரம் உட்கார்ந்தார். மனசு ஆறிப் போகவில்லை. வீட்டில் அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். நத்தர்ஷா முகத்தை வலப்பக்கம் திருப்பினார். எந்தச் சக்தியும் இல்லை, எந்த பலமும் இல்லை என்று காஜா பாய் சொன்னார். சின்ன வயதிலிருந்து சொன்ன வார்த்தைதான். அன்றைக்குத்தான் அது தன்னைப் பற்றிய செய்தி என்று அவருக்குப் பட்டது.

ஐம்பத்திரண்டில் மண்ணடி வியாபாரி ஒருவர் பள்ளிக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தார். கம்பம் நட்டு, புனல்போல ஒன்றை உச்சியில் கட்டினார்கள். நத்தர்ஷாவுக்கு இவர்மேல் பிரியம் உண்டு. புனலைக் காட்டி, காஜா பாயின் காதைத் தொட்டு, இனி உங்களுக்கும் கேட்கும் என்று சாடை செய்தார். காஜா பாய்க்கும் ஆசை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை குளித்து, வெளுத்த கைலி கட்டி, அத்தர் பூசிக்கொண்டு கம்பத்தடியில் போய் நின்றார். அண்ணாந்து பார்த்தார். படிக்கல்லைப் பார்த்தார். படிக்கல்லில் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் அவரைத் தாண்டி உள்ளே போகத் தொடங்கினார்கள். பாங்கு முடிந்துவிட்டது என்று அதில்தான் தெரிந்துகொண்டார்.

மைக்கை உள்ளே, குர்ஆன் வைக்கும் சின்ன அறையில் பொருத்தியிருந்தார்கள். நத்தர்ஷா இனி அங்கேதான் நின்று சொல்வார். முற்றத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

மறுநாள் காஜா பாய் அந்த அறைக்குள்ளேயே போய் மூலையில் நின்றார். நத்தர்ஷா தடுக்கவில்லை. முகம் வலப்பக்கம் திரும்பியது. காஜா பாய் தம் வழக்கப்படி பதில் சொன்னார். மெதுவாகச் சொல்வதாகத்தான் அவர் எண்ணம். ஆனால் காது கேளாதவர் குரல் அல்லவா? ஒலிபெருக்கி அதைப் பிடித்துப் பேட்டை முழுக்க முழங்கியது. தெருவில் வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். யாரோ ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்வரை ஓடி வந்து, "யாருப்பா அது உள்ள கத்றது?" என்றார்.

சௌக்கத் அலி வந்து காஜா பாயின் கையைப் பிடித்து மெல்ல வெளியே கூட்டிவந்தார். முதல் வரிசைப் பாயில் உட்கார வைத்தார். இங்கேயே இருங்கள் என்று தரையைத் தட்டிக் காட்டினார். கோபம் இல்லாத அந்தக் கைதான் காஜா பாயைச் சுட்டது.

அதற்குப் பிறகு அவர் நேரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். காலையிலேயே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் யாராவது வந்து தோள் இடிக்க நின்றால் எழுந்து அவரோடு தொழுவார். மற்ற நேரமெல்லாம் தலை குனிந்தபடி அந்தப் பதிலையே சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் வாசலில் இக்னேஷியஸ் அவரைப் பிடித்தார். காலையிலிருந்து உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்று சாடையில் கேட்டார்.

"எப்ப கூப்பிட்றான்னு தெர்ல தோஸ்து. அதான் சொல்லிகினே கீறேன். ஒரு தபா சரியா வந்துடும்ல."

இக்னேஷியஸ் மேலே விரலைக் காட்டி, காதைத் தொட்டார். மேலே இருப்பவர் அதைக் கேட்கிறாரா?

"அத்த என்னாண்ட கேட்டா? எனக்கு இன்னா கேக்குது சொல்லு."

மூன்று வருஷம் அப்படி இருந்தார். முட்டி மடங்காமல் போனபோது வீட்டோடு படுத்தார். வியாகுலம்மாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது, கடைசியில் சத்தமே இல்லாமல். ஐம்பத்தைந்து மார்கழியில் ஒரு மத்தியானம் அதுவும் நின்றது.

அவர் உடலை, மய்யித்தை, தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தபோது கம்பத்து ஒலிபெருக்கியில் அஸர் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தத் தொழுகை முடிந்த பிறகுதான் இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை. உடல் இருந்த சந்தூக்குப் பெட்டியை முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து உள்ளே போனார்கள். இக்னேஷியஸ் மட்டும் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இனிப் பதில் சொல்லாத தோஸ்தின் பக்கத்திலேயே நின்றார்.