உளுந்துச் செடி மேல் நின்ற வேன்

சாவியைத் திருகியதும் கொளஞ்சியப்பன் கண்ணை மூடிக்கொள்வார். தலையை ஒரு பக்கம் சாய்த்து அரை நிமிடம் இன்ஜினைக் கேட்பார். "ம், பேசுது" என்று அவர் சொன்ன பிறகுதான் வேன் நகரும். எட்டுப் பேர் உட்காரும் அந்த வெள்ளை வேனில் யாரும் முறுக்குத் தின்னக் கூடாது, கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது, சாவியைத் தொடவே கூடாது. ஆணியில் தொங்கிய சாவியை மனைவி இருசம்மாள் ஒருமுறை எடுத்துத் துடைத்து மாட்டினாள். அதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் லைன்மேன். சேத்தியாத்தோப்பைச் சுற்றி அவர் ஏறாத கம்பம் இல்லை. ஏறுவதற்கு முன் கம்பியில் மின்சாரம் வராதபடி பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொள்வார். "கட்ட ஏம் பாக்கெட்ல இருந்தாதான் உசுரு ஏங்கிட்ட இருக்கு" என்பார். கூட வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் கருகி விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். அவர் உடம்பில் ஒரு சூட்டுத் தழும்பு கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதர் டாஷ்போர்டில் எரிந்த ஒரு சின்ன மஞ்சள் விளக்கை மதிக்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

மாசி மாதம் அந்த விளக்கு எரியத் தொடங்கியது. வண்டியும் உதறியது, மேட்டில் இழுக்கவில்லை. சிதம்பரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அந்தோணிசாமி வண்டிக்குப் பின்னால் குந்தி, புகையை மோந்து பார்த்துவிட்டு எழுந்தான்.

"மாமா, ஒரு பிளக்கு அடிக்கல. அந்த சிலிண்டர்ல பெட்ரோலு எரியாம அப்பிடியே வெளிய போவுது. அடியில பைப்புல ஒரு பொட்டி இருக்கு பாருங்க, அதான் கன்வெர்ட்டரு. பொகையில இருக்கிற விஷத்த முறிக்கிறது அதோட வேல. பச்ச பெட்ரோலு அதுக்குள்ள போயி எரிஞ்சா பொட்டி நெருப்பா பழுத்துடும். பிளக்கும் காயிலும் மாத்திட்டுப் போங்க. ரெண்டு மணி நேரம்."

"வண்டி ஓடுதா இல்லியா?"

"ஓடுது மாமா, ஆனா..."

"ஓடுதுல்ல. பாப்பாவ அழச்சிகினு வந்துட்டு வுடறேன்."

கடலூரில் வாழ்க்கைப்பட்ட மகள் சத்யப்பிரியாவுக்கு அது ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்துவர நாள் குறித்தாகிவிட்டது. விளக்கு கண்ணை உறுத்தியதால், கொளஞ்சியப்பர் கோயிலில் வாங்கிய வேல் ஸ்டிக்கரை அதன் மேல் ஒட்டினார். ஊரார் பிராது எழுதிக் கட்டுகிற சாமி அது. இவர் வண்டியின் பிராதையே மறைத்து அந்தச் சாமி தலையில் கட்டிவிட்டார்.

பங்குனி வெயிலில் அவரும் இருசம்மாளும் மகளோடு திரும்பி வந்தார்கள். புவனகிரி தாண்டியதும் சாலை முழுக்க உளுந்துச் செடி. வண்டிகள் ஏறி மிதித்தால் காய் உடையும் என்று, பிடுங்கிய செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பங்குனியில் அந்தப் பக்கத்துச் சாலையெல்லாம் களம்தான். கொளஞ்சியப்பன் அதன் மேல் சரசரவென்று ஓட்டினார். நம்மால் நாலு குடும்பத்துக்கு உளுந்து உடைகிறது என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"அப்பா, தாகமா இருக்கு. எளநீ குடிக்கலாமா?"

புளியமரத்தடியில் இளநீர் வண்டி நின்றது. காய்ந்த செடி முழங்கால் உயரம் குவிந்திருந்த இடத்திலேயே வேனை நிறுத்தினார். பிள்ளைத்தாய்ச்சிக்கு வேர்க்கக் கூடாது என்று ஏசியை ஓடவிட்டார். இன்ஜின் உதறிக்கொண்டே நின்றது.

"ஏங்க, கருகுற வாசன வருதுங்க" என்றாள் இருசம்மாள்.

"வயல்ல எவனாவது தாளு கொளுத்துவான்."

"இல்லிங்க, கிட்டக்க வருது."

"நீ லைன்மேனா, நான் லைன்மேனா?"

அந்த நேரம் பார்த்து, கவைக்கோலால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்த தைலம்மாள் கோலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"யண்ணே, வண்டிக்கு அடியில பொகையுது. புள்ளைய எறக்கு."

கொளஞ்சியப்பன் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். கீழே குதித்துப் பக்கக் கதவை இழுத்தார். பூப்போலத் திறக்கச் சொல்லி ஊரையே அதட்டியவர், அதைக் காலால் உதைத்துத் திறந்தார். சத்யப்பிரியா இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்லத்தான் இறங்க முடிந்தது. ஒரு கால் தரையில், இன்னொரு கால் படியில். அவளுக்குக் கீழே பெட்ரோல் டாங்க். அந்த நாலு விநாடியில் அவருக்கு உயிர் போய் வந்தது. "ஓடாத பாப்பா, நட, நட" என்று இருசம்மாள் மகளைப் புளியமரத்துக்கு நடத்திப் போனாள்.

அவள் தூரம் போகும்வரை அவர் வண்டியைத் தொடவில்லை. பிறகு குனிந்து பார்த்தார். அந்தோணிசாமி சொன்ன பெட்டி கொல்லன் உலையில் கிடந்த இரும்பாகச் சிவந்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்ட செடியில் சின்னச் சின்னதாக நெருப்பு.

"தள்ளுங்க. மண்ண அள்ளிப் போடுங்க."

அவர் கியரை நியூட்ரலில் போட, இளநீர்க்காரரும் களத்து ஆட்களும் சேர்ந்து வேனை வெறும் ரோட்டுக்குத் தள்ளினார்கள். தைலம்மாள் கவைக்கோலை உள்ளே விட்டு, எரிகிற செடியைக் கொத்துக் கொத்தாக இழுத்துப் போட்டாள். அள்ளிக் கொட்டிய மண்ணில் நெருப்பு அடங்கியது. வேனின் அடிப்பக்கம் கருகியதோடு போயிற்று.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணிடாதீங்க மாமா. நான் வந்து கட்டி இழுத்துக்கிறேன்" என்றான் அந்தோணிசாமி போனில். மகளுக்குப் புவனகிரியிலிருந்து ஆட்டோ வந்துகொண்டிருந்தது. தைலம்மாள் கருகிய செடியை ஒதுக்கிவிட்டு மறுபடி புரட்டத் தொடங்கினாள்.

கொளஞ்சியப்பன் சாவியை உருவினார். பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போய்ப் பொத்தானைக் கழற்றியது. பாதியில் நின்றது. புளியமரத்தடிக்கு நடந்தார். மகளுக்கு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த இருசம்மாளின் கையைப் பிடித்தார். உள்ளங்கையில் சாவியை வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.